இங்க யாரைத் தெரியும்?



மதுரையில் தனியாளாக அறை தேடி அலைந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். இந்த உரையாடலை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். செல்லூரிலோ வில்லாபுரத்திலோ ஒரு சந்து. மாடிப்படிக் கம்பியில் 'வீடு வாடகைக்கு' என்று ஓர் அட்டை ஆடிக்கொண்டிருக்கும். கதவைத் தட்டினால் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்ப்பார்.

"எந்த ஊரு தம்பி?"

"ராஜபாளையம்மா."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"இப்பத்தாம்மா ஒரு கம்பெனியில சேந்திருக்கேன்."

"குடும்பமா, தனியாளா?"

"தனியாத்தாம்மா."

கொஞ்சம் யோசனை. பிறகு வருவதுதான் முக்கியமான கேள்வி: "இங்க யாரைத் தெரியும்?"

அதற்குப் பதில் இருந்தால் சாவி கைக்கு வரும். இல்லாவிட்டால், "எங்க வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்பார். அந்த வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததாக இதுவரை தகவல் இல்லை.

எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்தவர்கள் மதுரை முழுக்க இருக்கிறார்கள். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அதிகாலை நாலரை மணிக்குப் பையோடு இறங்கும் பயிற்சி மாணவி, அரசு ராஜாஜி மருத்துவமனையின் வராண்டாவில் பாய் விரித்திருக்கும் தேனிக்காரர், வாய்தாவுக்காக உலகனேரி உயர்நீதிமன்றக் கிளைக்கு வந்த கன்னியாகுமரி விவசாயி, எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் ஓரம் தகரக் கொட்டகையில் ரொட்டி சுடும் பீகார் தொழிலாளி. இவர்களில் யாரும் மதுரைக்காரர் ஆவதற்காக வந்தவர்கள் அல்லர். வந்த காரியம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். ஆனாலும் அந்தக் கொஞ்ச நாளும் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் யாராவது கஞ்சி வைத்துத் தர வேண்டும். ஏதாவது வம்பு வந்தால், 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஊருக்குள் ஒரு வாய் வேண்டும். வீட்டுக்கார அம்மா தேடுவது அந்த வாயைத்தான்.

கேள்வி பழையது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டமே அதன் மேல்தான் நிற்கிறது.

புகாரில் பெரும் வணிகக் குடும்பத்தில் பிறந்த கோவலனும் கண்ணகியும் கையிருப்பு எல்லாம் கரைந்த பின் மதுரைக்கு வருகிறார்கள். ஒரு சிலம்பை விற்று, அதை முதலாக வைத்துத் தொழில் தொடங்குவது திட்டம். வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. வையையைப் புணையில் கடந்து, மதிலுக்கு வெளியே முனிவர்கள் வாழும் புறஞ்சேரியில் தங்குகிறார்கள். அங்கே கண்ணகியை விட்டுவிட்டுக் கோவலன் முதலில் ஊர் பார்க்கப் போகிறான். இளங்கோவடிகள் இதற்கென்றே 'ஊர்காண் காதை' என்று ஒரு காதையை ஒதுக்கியிருக்கிறார். மணிக் கடை, பொற்கடை, அறுவைக் கடை, கூல வீதி என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறான். புது ஊருக்கு வந்த எவரும் முதல் நாள் செய்வது இதுதான். தெருக்கள் எல்லாம் தெரிந்துவிட்டன. மனிதர் ஒருவர்கூடத் தெரியவில்லை.

துறவிகள் வாழும் இடத்தில் இல்லறத்தார் தங்கக் கூடாது. அந்த நேரத்தில் மாதரி என்ற ஆயர் முதுமகள், இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டு அந்த வழியே திரும்புகிறாள். கவுந்தி அவளிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். அந்தப் பகுதிக்கு 'அடைக்கலக் காதை' என்றே பெயர். இன்றைய பேச்சில் சொன்னால், 'எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க, பாத்துக்க' என்பதுதான் அது. மாதரி வாடகை கேட்கவில்லை, முன்பணம் கேட்கவில்லை. ஒரு துறவியின் வார்த்தையே போதுமானதாக இருந்தது. காவலுள்ள ஒரு சிறுமனையைத் தனியாகக் கொடுக்கிறாள். புதுக் கலங்கள் தருகிறாள். வெள்ளரி, மாதுளை, மாங்கனி, வாழைப்பழம், நெல்லரிசி, பால் பொருள்கள் எல்லாம் வருகின்றன. மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். கண்ணகி தன் கையால் சமைத்து, வாழை இலை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். புது ஊரில் முதல் சமையல். அந்தத் தம்பதிக்குக் கடைசிச் சமையலும் அதுதான்.

சாப்பிட்டு எழுந்த கோவலன் ஒற்றைச் சிலம்போடு தனியே கடைத்தெருவுக்குப் போகிறான். அங்கே அரண்மனைப் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அதன் பின் நடந்தது தெரிந்ததுதான்: சிலம்பைத் திருடிய பழி, கொலைத் தண்டனை. பலர் கவனிக்காத ஓர் இடம் மட்டும் உண்டு. கொல்ல வந்த காவலர்களுக்கே ஐயம் வருகிறது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் களவு நூலை எடுத்துவைத்து நீளமாக வாதாட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் முன்னால் வந்து, 'இவர் மாதரி வீட்டு விருந்தாளி' என்று சொல்லியிருந்தால் கதை வேறு. சொல்ல ஆள் இல்லை. ஆயர்பாடியில் அவனுக்கு இருந்த அடைக்கலம், கடைத்தெரு வரைகூட வரவில்லை.

இத்தனைக்கும் அயலாரைப் பார்த்து மிரளும் ஊர் அல்ல இது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி பகல் சந்தையை நாளங்காடி என்றும் இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. இரவிலும் கடை திறந்திருக்கும் ஊர் என்றால், வெளியூர் ஆள் இராத்திரி வந்து இறங்கும் ஊர் என்றுதானே பொருள். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் கீழடியில், இந்தப் பகுதியில் கிடைக்காத சூதுபவள மணிகள் அகழாய்வில் வெளிவந்தன. மணி தானாக நடந்து வராது. கொண்டுவந்தவர் எங்கோ தங்கியிருக்க வேண்டும், யாரோ சோறு போட்டிருக்க வேண்டும்.

'தூங்கா நகரம்' என்ற பட்டத்தை மதுரைக்காரர்கள் பெருமைக்காகச் சொல்வார்கள். புதிதாக வந்தவருக்கு அது வெறும் பெருமை அல்ல, வயிற்றுப்பாடு. இரவு ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வந்தாலும் தள்ளுவண்டியில் இட்லி கிடைக்கும், பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும், விடிவதற்குள் பருத்திப்பால் கிடைக்கும். தொடர்ந்து பத்து நாள் ஒரே கடையில் சாப்பிட்டால், பதினோராம் நாள் கடைக்காரர் கேட்காமலேயே இரண்டாவது கரண்டி சட்னி ஊற்றுவார். "என்ன தம்பி, நேத்து ஆளைக் காணோம்?" என்பார். அறை கிடைத்த நாளைவிட இந்தக் கேள்வி வந்த நாளைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஊரின் வரைபடமும் புதியவருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள்: கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி, கடைசியில் வெளி வீதி. திசையையும் மாதத்தையும் சேர்த்துச் சொன்னால் முகவரி வந்துவிடும். வெளி வீதிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடித்துத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்தார். ஊர் வெளியே விரிந்தது. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் இன்றும் இருக்கிறது. கோவலன் தாண்டிய மதிலுக்குப் பிந்திய காலத்தில் எழுந்த மதிலும் இப்படிப் போனது.

ஆனால் இந்த ஒழுங்கே புதியவரை ஏமாற்றவும் செய்யும். நான்கு பக்கமும் கோபுரம், நான்கு பக்கமும் சித்திரை வீதி. கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து, கொதிக்கும் வெயிலில் வெறுங்காலோடு பாதி வீதியைச் சுற்றி ஓடாத வெளியூர்க்காரர் குறைவு. பேருந்து நிலையத்திலும் இதே கதைதான். சென்னை, திருச்சி, நெல்லை என்றால் மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோவை என்றால் ஆரப்பாளையம். ஊருக்குள் சுற்ற பெரியார். திண்டுக்கல்லுக்குப் போக மாட்டுத்தாவணியில் போய் நின்றவருக்கு அந்த மாதம் முழுக்க அறைத் தோழர்களிடம் வேறு பெயர்தான்.

தங்க இடம் கொடுப்பதை அறமாக நினைத்தவர்களும் இந்த ஊரில் உண்டு. ராணி மங்கம்மாள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவர். சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டியவர் என்று தென்மாவட்டம் முழுக்க அவர் பெயர் நிற்கிறது. மதுரையில் அவர் பெயரால் அமைந்த சத்திரம் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ரயில் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால் வாழ்ந்த ராணியின் சத்திரத்துக்கு எதிரிலேயே ரயிலும் வந்து நின்றது பொருத்தம்தான். சத்திரம் 'யாரைத் தெரியும்' என்று கேட்பதில்லை. ஆனால் அங்கே சில நாள்தான் தங்கலாம்; மாதக்கணக்கில் குடியிருக்க முடியாது.

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்குவதற்கு ஏற்பாடு செய்தவர்கள் வணிகர்கள். தென்பாண்டிச் சீமையில் வண்டிகட்டி வியாபாரம் செய்த நாடார்கள், வழிப்பறிக்குப் பயந்து ஊருக்கு ஊர் மதில் சூழ்ந்த பேட்டைகள் அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் ஆளும் இரவில் அங்கே ஒதுங்கலாம். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து அந்தச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். உறவின்முறை என்ற அமைப்பு அப்படித்தான் வலுப்பெற்றது; பிறகு பள்ளிகளையும் அதுவே நடத்தியது.

மதுரைக்குக் கிழக்கே காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் இதைக் கடல் கடந்தும் செய்தார்கள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று 'கொண்டுவிக்க'ப் போனவர்கள், மூன்று வருடக் கணக்கில் போய் வந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிட்டங்கி என்ற இடம் இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகள் பெயர் பெற்றவை. நீளமான ஒரு கூடம், வரிசையாக மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கு முன்னும் தரையில் அமர்ந்து ஒருவர் கணக்கு எழுதுவார். பகலில் அது கடை. இரவில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தால் படுக்கை. சமையல் பொது. பல நிறுவனங்களின் ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். தொழில் கற்று அடுத்தாள் ஆவான், பிறகு மேலாள் ஆவான். மொழி தெரியாத ஊரில் அவனுக்கு அறை தேடும் வேலையே இல்லை. கப்பலை விட்டு இறங்கும்போதே அவனைத் தெரிந்தவர்கள் ஒரு கூடம் நிறைய இருந்தார்கள்.

சென்னை திருவல்லிக்கேணி மேன்சன்களும் ஒரு வகையில் கிட்டங்கியின் ஏழை உறவுக்காரர்கள்தான். வேலை தேடிப் போன மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பையன்கள் அங்கே ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கினார்கள். மேன்சனில் இடம் பிடிக்கவும் ஊர்க்கார அண்ணன் ஒருவர் வேண்டியிருந்தது. அவர் அறையில் முதலில் 'கெஸ்ட்', பிறகு 'ஷேரிங்', அவர் கல்யாணமாகிப் போனதும் சொந்தக் கட்டில்.

ஊர்க்காரர் யாரையும் தெரியாமல் வந்து மதுரையில் தனக்கென ஓர் இடம் பிடித்தவர்களும் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி அவர்களில் ஒருவர். ஏற்கெனவே இங்கிருந்த போர்ச்சுகீசியத் துறவியோடு சேர்ந்து இருந்திருந்தால் அவர் 'பரங்கி'யாகவே கழிந்திருப்பார். அவர் தனியே ஒரு மண்வீட்டுக்குப் போனார். காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், தமிழும் வடமொழியும் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தமிழில் உரைநடை நூல்கள் எழுதும் அளவுக்கு மொழி கைவந்தது. அவருடைய மதப்பணியைப் பற்றி அன்றும் சண்டை நடந்தது, இன்றும் நடக்கலாம். குடிபுகும் கலையில் மட்டும் அவர் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்: ஊர் தன்னை விசாரிப்பதற்கு முன்னால் அவர் ஊரை விசாரித்துக்கொண்டார்.

நாயக்கர் காலத்தில் பட்டு நெசவோடு வந்து சேர்ந்த சௌராஷ்டிரர்கள் வேறு வழியில் இடம் பிடித்தார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றித் தெருத் தெருவாகக் குடியேறினார்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ். அந்தத் தெருக்களிலிருந்து வந்த டி.எம். சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே உண்டு.

இன்றைய மதுரையில் 'கொஞ்ச நாள்' வாசிகளை அதிகம் இழுப்பவை மூன்று: மருத்துவமனை, நீதிமன்றம், படிப்பு.

ராஜாஜி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவருக்கு மரத்தடிதான். ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு பிளாஸ்க், வயர்கூடையில் இரண்டு சேலை, இதுதான் குடித்தனம். அங்கே அறிமுகம் நடக்கும் வேகம் வேறு எங்கும் கிடையாது. முதல் நாள் இரவில், "உங்களுக்கு என்னம்மா?" என்று பக்கத்துப் பாய்க்காரர் கேட்பார். மறுநாள் காலையில், "நீங்க போயி குளிச்சிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பார். எந்தக் கழிப்பறை சுத்தம், எந்த சிஸ்டர் பொறுமையாகப் பதில் சொல்வார், ஸ்கேனுக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பாய்க்குப் பாய் கைமாறும். 2013இல் மதுரைக்கும் வந்த அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லிக்கும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதத்துக்கும் இவர்களைவிட நன்றியுள்ள வாடிக்கையாளர் இருக்க முடியாது.

அரவிந்த் கண் மருத்துவமனை இதை முறையாகவே யோசித்தது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைப் பேருந்தில் அழைத்துவந்து, தங்கவைத்து, சோறு போட்டு, அறுவைச் சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அதன் முறை. சிகிச்சை இலவசம் என்றாலும் வராத கிழவர்கள் இருந்தார்கள். 'மதுரையில இறங்கி எங்கே போறது, யாரைக் கேக்கறது' என்ற பயம் அவர்களுக்கு. பேருந்தும் தங்குமிடமும் சோறும் சேர்ந்த பிறகுதான் கண் கிடைத்தது. அங்கே சிஸ்டர்கள் என்று அழைக்கப்படும் இளம்பெண்களும் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வந்து, இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். வீட்டைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியிராத பெண்ணை அனுப்பப் பெற்றோர் துணிவது, பக்கத்து ஊர்ப் பெண் ஏற்கெனவே அங்கே இருக்கிறாள் என்பதால்தான்.

2004 ஜூலை 24 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியது. அதுவரை தென்மாவட்ட வழக்காளிகள் சென்னைக்கு ரயிலேறினார்கள். குமரியிலிருந்து கரூர் வரை 13 மாவட்டங்கள் மதுரைக்கு மாறின. வழக்காளிக்குத் தங்கும் செலவு குறைந்தது. கூடவே, ஜூனியராகச் சேர வந்த இளம் வழக்கறிஞர்களுக்கு மதுரையில் அறை தேடும் வேலை கூடியது. சட்டம் படித்தவருக்கே வீடு தர யோசிக்கும் உரிமையாளர்கள் உண்டு. 'வக்கீலுக்குக் கொடுத்தா காலி பண்ண வைக்க முடியாது' என்பது அவர்கள் கணக்கு.

இதெல்லாம் இனிய பக்கம். 'யாரைத் தெரியும்' என்ற கேள்விக்கு இருண்ட பக்கமும் உண்டு; அதைப் பேசாமல் விட்டால் இந்தச் சொற்பொழிவு வெறும் ஊர்ப் புராணம்.

பேட்டையும் கிட்டங்கியும் உறவின்முறையும் தம் ஆட்களைத் தாங்கின. தம் ஆட்கள் அல்லாதவர்களுக்கு அங்கே இடம் இல்லை. இன்றும் பல தெருக்களில் அந்தக் கேள்வியின் உண்மையான பொருள், 'நீங்க என்ன ஆளுக?' என்பதுதான். ஊர் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, கடைசியில் 'கவிச்சி சமைப்பீங்களா' என்று கேட்டு முடிவுக்கு வந்துவிடுவார்கள். தலித் இளைஞருக்கும் முஸ்லிம் இளைஞருக்கும் 'வீட்டுக்காரர் வரட்டும்' என்ற பதில் மற்றவர்களைவிட அதிகமாகக் கிடைக்கிறது. கையில் ஆதார் அட்டை இருக்கும், சம்பளச் சீட்டு இருக்கும். அரசாங்கத்துக்கு அவரைத் தெரியும்; தெருவுக்குத் தெரியாது.

அரசாங்கத்துக்கே தெரிந்தும் தெரியாதவர்களாக இருப்பவர்கள் இன்னொரு கூட்டம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்த தமிழர்களுக்கு மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. அன்று அதுவும் 'கொஞ்ச நாளைக்கு'த்தான். அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்துவிட்டன. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். மதுரைத் தமிழ் பேசி, மதுரைப் பள்ளியில் படித்து, வைகையைத் தவிர வேறு ஆற்றைப் பார்த்திராத பெண்ணும் ஆவணத்தில் இன்னும் விருந்தாளிதான் என்பது மாறவில்லை.

பாதுகாப்பு என்பது இன்னொரு பக்கம். 2024 செப்டம்பரில், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கட்ராபாளையத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் அதிகாலையில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது. வேலைக்காக வந்து தங்கியிருந்த பெண்கள் உயிரிழந்தார்கள். மகளிர் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. ஆனால் பையோடு வந்து இறங்கும் பெண், வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி, வைஃபை உண்டா என்று கேட்கிறாள். உரிமம் இருக்கிறதா, இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்க அவளுக்குக் கூச்சம். அதைக் கேட்பது அவமரியாதை அல்ல. அரசு 'தோழி' விடுதிகளைப் பல நகரங்களில் நடத்துகிறது. இடம் கிடைத்தால் முதலில் அங்கே முயல்வது நல்லது.

வாடகை வீட்டுக்கும் சட்டம் உண்டு. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. இந்தச் சட்டத்தைப் பலர் தொல்லையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் ஊருக்குள் யாரையும் தெரியாதவருக்கு அந்தக் காகிதம்தான் கவுந்தியடிகள். அவர் சாதி கேட்காமல் சிபாரிசு செய்வார்.

அதேபோல ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. தகரக் கொட்டகையில் இருக்கும் பீகார் தொழிலாளி தன் ஊர் அட்டைக்கு மதுரைக் கடையிலும் அரிசியோ கோதுமையோ வாங்க வழி இருக்கிறது. அவருக்கு அதைச் சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டும்.

புதிதாக வருகிற தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். வாளி, மக், பாய், பூட்டு நான்கையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். பூட்டை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். ஒரே மெஸ்ஸில் ஒரு மாதம் சாப்பிடுங்கள், ருசிக்காக அல்ல, முகம் பதியட்டும் என்பதற்காக. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டம் நாள்தோறும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருகிறது. அறையில் தனியே கிடப்பதைவிட அங்கே போய் உட்காருங்கள். மதியம் யாராவது ஊறுகாய் நீட்டுவார்கள்.

மதுரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைச் சொல்லும் முன் சிலப்பதிகாரத்தின் ஓர் ஓரத்துச் செய்தி. கோவலன் இறந்ததும் மாதரி, தன்னிடம் அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து உயிர்விட்டாள். அறிமுகம் செய்துவைத்த கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தார். இளங்கோவடிகள் இவற்றை வஞ்சிக் காண்டத்தில் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். விருந்தாளிக்குப் பொறுப்பேற்ற அந்த இரண்டு பெண்களும் கொடுத்த விலை அது.

உங்களிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். சாவி கொடுத்த அன்று மாலையே குடிவந்தவரைத் தெருமுனை மளிகைக்கடை வரை கூட்டிப்போய், "இவர் நம்ம மாடியில குடிவந்திருக்காரு அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். பத்து நிமிட வேலைதான். அடுத்த முறை யாராவது, "இங்க யாரைத் தெரியும்?" என்று கேட்டால், அந்தத் தம்பி உங்கள் பெயரைச் சொல்லட்டும்.